மலைப்பனியும் மின்சிகரெட்டும்

பங்கு மக்கள் நம் அறைவாயிலில் வந்து நின்று கேட்கும் கேள்விகள் பலவகையின. திருமண ஓலை எந்த ஞாயிறு வாசிக்கப்படும், ஞானஸ்நானச் சான்றிதழில் பிழை திருத்துவது எங்ஙனம், பையனுக்கு விடுதியில் இடம் கிடைக்குமா என்பனவே பெரும்பாலும். ஆனால் சென்ற ஆண்டு ஆடி மாதத்து மாலை ஒன்றில், ஏற்காட்டு ஏரிப்பக்கமிருந்து பனிமூட்டம் மெல்ல ஏறிவரும் வேளையில், குடையை மடக்கியபடி வந்த ஒரு பெண்மணி கேட்ட கேள்விக்கு நம் குருமடப் படிப்பில் எந்த ஏட்டிலும் விடையில்லை.

"ஃபாதர், வயதானவர்கள் எளிதாகப் பயன்படுத்தக்கூடிய மின்சிகரெட் எது என்று தங்களுக்குத் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து அவர் கிறிஸ்துமசுக்கு வரும்போது மாமாவுக்கு ஒன்று வாங்கி வரலாம் என்கிறார்" என்றார் அவர்.

மாமா என்று அவர் குறித்தது தம் மாமனாரை. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர், வயது 74. இளமையில் பீடி, பதவி உயர்ந்தபின் சிகரெட் என்று வாழ்நாளின் பெரும்பகுதியைப் புகையோடு கழித்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூச்சு முட்டி, நள்ளிரவில் இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். திரும்பி வந்தவர் சிகரெட்டைத் தொடவில்லை. ஊரார் வியந்தனர், நாமும் வியந்தோம். பின்னர் அவர் மனைவி இறந்தார். அதற்குப்பின் சில மாதங்களில், மாலை நடைக்குச் செல்பவர் பேருந்து நிலையத்தருகே ஒரு பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்குவதை யாரோ கண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இவ்விடத்தில் நம் தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "புகையிலை எரிவதில்லை, வெறும் ஆவிதானே, அந்தக் கருமாந்திரத்துக்கு இது தேவலையல்லவா? வாங்கி வரச் சொல்லுங்கள்" என்று நாம் பதில் கூறிவிட்டோம். விவரம் அறியாமல், அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் சொன்ன சொல் அது. அன்றிரவு செபமாலை முடிந்தபின்னும் மனம் அமைதியுறவில்லை. மறுநாள் நம்மோடு படித்து இன்று மருத்துவராயிருக்கும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் பொருள் இன்னதென்று முதலில் அறிந்துகொள்வோம். மின்சிகரெட் என்பது ஒரு சிறு மின்கலம், ஒரு சூடேறும் கம்பிச்சுருள், நிக்கோட்டின் கலந்த திரவம் நிறைந்த ஒரு சிறு கூடு ஆகிய மூன்றும் சேர்ந்தது. வாயால் உறிஞ்சும்போது கம்பி சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. 2003-ஆம் ஆண்டளவில் இதனை இன்றைய வடிவில் அமைத்தவர் ஹோன் லிக் என்னும் சீன மருந்தியலாளர், அவரே புகைப்பழக்கமுள்ளவர். முதியவர்க்கு எளியது என்றால், பொத்தான் எதுவுமின்றி உறிஞ்சினாலே இயங்குவதும், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றவேண்டாத முன்னரே நிரப்பிய கூடு உடையதும் ஆகும். நடுங்கும் விரல்களுக்கு அதுவே ஏற்றது என்பது நியாயந்தான். மகன் அதைத்தான் தேடினார். முன்பெல்லாம் அங்கே பயன்படுத்தியபின் எறிந்துவிடும் வகையே மிக எளியதாக இருந்தது. அதனை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் தடை செய்துவிட்டது.

மகனிடம் தவறு காண இயலாது. இங்கிலாந்தில் புகைப்பவர்க்கு அரசு மருத்துவத் துறையே இதனைப் பரிந்துரைக்கிறது. நிக்கோட்டின் உள்ள மின்சிகரெட், மெல்லும் பசையையும் ஒட்டுப்பட்டையையும் விடச் சற்று அதிகமானோரைப் புகையிலிருந்து விடுவிக்கிறது என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. கேட்டதை மறைப்பது நமக்கு அழகன்று. ஆனால் அதே துறை, புகைக்காதவர் இதனைத் தொடங்கலாகாது என்றும் எச்சரிக்கிறது. நீண்ட காலத்தில் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல அந்தப் பொருளுக்கே இன்னும் வயது போதவில்லை. உலக சுகாதார நிறுவனமோ இதனைப் புகை நிறுத்தும் கருவியாகப் பரிந்துரைப்பதில்லை.

நிற்க. நம் நாட்டில் இந்த வாதத்துக்கே இடமில்லை என்பதுதான் நண்பர் சொன்ன செய்தி. தமிழக அரசு 2018 செப்டம்பரிலேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொணர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை முழுச் சட்டமாக்கியது. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகிய அனைத்தும் குற்றம். முதல் முறை அகப்பட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தற்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம் விதிக்கலாம். பெட்டியில் சட்டைகளுக்கிடையே தந்தைக்கென்று வைத்துக் கொண்டுவரும் பிள்ளை, விமான நிலையத்தில் சுங்க அதிகாரிமுன் நின்று என்ன விளக்கம் சொல்வார்? "எங்கள் பங்குச் சாமியார்தான் சரி என்றார்" என்றா?

இதில் ஓர் முரண்பாடு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆவி தடை, எரியும் புகைக்குத் தடையில்லை. பெட்டிக்கடையில் பீடிக்கட்டு தொங்குகிறது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் கல்விக்கூடங்களின் நூறு கஜ எல்லைக்குள் விற்பனையைத் தடுக்கிறது. பள்ளிகள் நிறைந்த இம்மலையில் அந்த எல்லையை அளந்து பார்ப்பவர் எத்தனை பேர்? பொது இடத்தில் புகைத்தலோ 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை. ஏரிக்கரையில் உலாவுபவர் அத்தடையை மூக்காலேயே சோதித்துக்கொள்ளலாம். பழைய தீமை வேரூன்றிவிட்டது என்பதற்காகப் புதியதற்கும் வாயிலைத் திறந்துவைக்க வேண்டுமா என்று அரசு கேட்டால், குழந்தைகளை எண்ணிப் பார்க்கையில், நம்மால் எதிர்வாதம் செய்ய இயலவில்லை. ஆயினும் அந்தப் பெரியவர் குழந்தையல்லர். அவருக்கு விடை வேண்டுமே!

ஆகவே நாம் அவரைக் காணச் சென்றோம். முதலில் மருமகளிடம் நம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர் முகம் சற்று வாடியது. பிள்ளைகள் வந்து வேறு பேச்சில் இழுக்கவே அது அப்படியே போயிற்று.

பெரியவர் வெள்ளோக்கு மரங்களைப் பார்த்தபடி திண்ணையில் அமர்ந்திருந்தார். கம்பளியும் குல்லாவும் அணிந்திருந்தும் விரல்கள் குளிரில் வெளுத்திருந்தன. சுற்றி வளைக்காமல் கேட்டோம். அவரும் சுற்றி வளைக்கவில்லை.

"சுவாமி, புகைமேல் எனக்கு அவ்வளவு ஆசையில்லை. ஐந்து மணிக்குத் தோட்டத்துச் சங்கு ஊதும். நானும் பல்பிங் கொட்டகை மேஸ்திரியும் மதகின்மேல் உட்கார்ந்து ஆளுக்கொன்று பற்றவைப்போம். அவன் போய் எட்டு வருஷம். வீட்டுக்காரி இருந்தவரை அந்த நேரத்தில் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவாள். இப்போது ஐந்து மணி வந்தால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது" என்றார்.

அதற்கு நாம் மறுமொழி எதுவும் சொல்லவில்லை. சற்று நேரங்கழித்து அவரே, "இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள்" என்றார். அதற்கு மட்டும் நம்மிடம் விடை இருந்தது. ரிச்சர்ட் டால் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் 1951-இல் தொடங்கித் தம் நாட்டு மருத்துவர்களையே ஐம்பதாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அறுபது வயதில் புகையை விட்டவர்கள்கூட, விடாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தனர் என்று 2004-இல் முடிவு வெளியாயிற்று. தேய்ந்த நுரையீரல் புதிதாவதில்லை. தேய்வின் வேகம் குறையும். கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு ஆறில் ஒரு பங்கு குறைவாகவே கிடைக்கும் இம்மலையில் அந்தச் சிறு வேறுபாடும் பெரிது. இதைச் சொன்னபோது, "மூன்று வருஷமா?" என்று விரலை மடக்கினார், "பேத்தி பத்தாவது முடித்துவிடுவாள்."

மறுவாரம் நண்பரின் யோசனைப்படி சேலத்தில் மருத்துவரைக் கண்டார். நாம் அறிந்துகொண்டவற்றில் வாசகர்க்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம். ஆனால் மருத்துவரைக் காணாமல் இதைக்கொண்டு எவரும் தாமே மருந்து வாங்கிவிட வேண்டாம்.

நிக்கோட்டின் மெல்லும் பசை பிறந்த கதை சுவையானது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க இயலாத சுவீடன் மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிக்கொண்டதைக் கிளாஸ் லுண்ட்கிரென் என்னும் ஆய்வாளர் கண்டு, 1967-இல் ஊவே ஃபெர்னோ என்பவருக்கு எழுத, அதிலிருந்தே இந்தப் பசை உருவாயிற்று. புகையின்றி நிக்கோட்டினை மட்டும் அளவோடு கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பதே இதன் நெறி. 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் பொருள் இது.

ஆனால் நம் பெரியவருக்குப் பொய்ப்பல். பசை அதில் ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு இருபது பிடிப்பவருக்கு உதவும் தோல் ஒட்டுப்பட்டை, நாளுக்கு ஒன்றிரண்டு பிடிப்பவருக்கு மிகை என்று மருத்துவர் கருதினார். ஆகவே வாயில் அடக்கிக் கரையவிடும் 2 மில்லிகிராம் மாத்திரை. அதனைக் கடிக்கவோ விழுங்கவோ கூடாது. கன்னத்தில் ஒதுக்கி, இடையிடையே இடம் மாற்றி, அரைமணிவரை மெல்லக் கரையவிட வேண்டும். விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலுமே மிச்சம்.

இங்கேதான் எதிர்பாராத ஒன்று வந்தது: காப்பி! காப்பி, பழச்சாறு போன்ற புளிப்புத் தன்மையுள்ளவை வாயில் இருந்தால் நிக்கோட்டின் சரிவர உள்ளே ஏறாது. குடித்துக் கால்மணியாவது கழியவேண்டும். அதுமட்டுமன்று, புகையை நிறுத்தியவர் உடலில் காப்பிச்சத்து முன்பைவிட நெடுநேரம் தங்குகிறது. புகைத்த நாளில் ஆறு டம்ளர் குடித்தவர் நிறுத்தியபின்னும் ஆறு டம்ளர் குடித்தால் நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். அதைச் சிகரெட் இல்லாத குறையென்று எண்ணி மீண்டும் கடைக்குப் போகிறவர் எத்தனை பேரோ! 1820-களில் சேலத்து ஆட்சியர் காக்பர்ன் துரை கொணர்ந்து நட்ட செடியின் பெயரால் வாழும் மலையில் இதை யாரும் நமக்குச் சொல்லவில்லையே என்று வியந்தோம். பெரியவர் மூன்று டம்ளராகக் குறைத்துக்கொண்டார், பெரும் முணுமுணுப்புடன். மூச்சுத்திணறலுக்குத் தியோஃபிலின் என்னும் மருந்து உண்பவர்க்கும் இவ்வாறே: புகையை நிறுத்தியதும் மருந்தின் அளவு உடலில் கூடிவிடும். ஆதலால் நிறுத்திய செய்தியை மருத்துவரிடம் தவறாது சொல்லவேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு சொல். மாமனார் வீடு திரும்பியதும் பேரப்பிள்ளையை விட்டுச் சட்டையை முகரச் செய்தார்களாம். அவர் அதனை நம்மிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அப்படி உடைந்து நாம் பார்க்கவில்லை. உளவு பார்ப்பதைவிட ஐந்து மணிக்கு ஒருவர் அவரருகே அமர்வது மேல். அதோடு, குளிருக்கென்று சாத்திய சமையலறையில் விறகடுப்புப் புகைய, அதே அறையில் அவரைக் கணப்பருகே உட்காரவைத்திருந்தார்கள்! சிகரெட்டுக்குச் சண்டையிட்ட வீட்டில் அடுப்புப்புகையை ஒருவரும் எண்ணவில்லை.

வெளியூர் செல்ல இயலாதவர்க்கு ஒரு வழி உண்டு. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணில் புகையிலையை விட விரும்புவோருக்குப் பயிற்சி பெற்றவர்கள் துணை நிற்கிறார்கள், தமிழிலும் பேசலாம். அந்த எண் சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பெரியவர் வாங்கியவை ஒற்றைச் சிகரெட்டுகளாதலால் அவர் அதைக் கண்டதில்லை.

"குருக்களும் பிடித்ததில்லையா, சுவாமி?" என்று அவர் ஒருநாள் நம்மைக் குத்திக் கேட்டார். பிடித்திருக்கிறார்கள். நம் குருமடத்தில் இறையியல் கற்பித்த முதிய பேராசிரியரின் மூக்குப்பொடி டப்பாவை நாம் மறந்துவிடவில்லை. தேர்வு நாளில் அதைத் திறந்து மூடும் ஓசையே எங்களுக்கு நடுக்கம் தரும். ஆனால் வத்திக்கானில் தம் பணியாளர்க்குச் சிகரெட் விற்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் நிறுத்திவிட்டார், வருமானம் போனாலும் போகட்டுமென்று. அதைச் சொன்னோம். "அங்கேயும் பெட்டிக்கடை இருந்ததா?" என்று அவர் கேட்டபோது நமக்குச் சிரிப்பை அடக்க இயலவில்லை.

கிறிஸ்துமசுக்கு மகன் வந்தார், மின்சிகரெட் கொண்டுவரவில்லை. கம்பளிக் கையுறை ஒரு சோடி கொண்டுவந்தார். இருந்த மூன்று வாரமும் மாலை ஐந்து மணிக்குத் தந்தையோடு மதகுவரை நடந்துபோய் அமர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். இடையில் இருமுறை பெரியவர் தவறியதும் உண்டு. இரண்டையும் அவரே வந்து சொன்னார். தவக்காலத்துக்குமுன் மாத்திரை நாளுக்கு நான்காகவும், பின்னர் இரண்டாகவும் குறைந்தது. இப்போது சட்டைப்பையில் ஏலக்காய் வைத்திருக்கிறார்.

இதனை எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டோம். "எழுதுங்கள், சுவாமி. பெயரை மட்டும் போடாதீர்கள். அந்தத் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள், கண்ணாடி இல்லாமல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்" என்றார்.