வீடு மாறிய கோப்புறை

வீடு மாறிச் செல்பவர் பழைய வாயிலில், "இன்ன தெருவில், இன்ன இலக்க வீட்டில் இருக்கின்றோம்" என்று ஓர் அட்டை எழுதி மாட்டிச் செல்வதுண்டு. தேடி வருபவர் அதனைக் கண்டு புதிய வீட்டை அடைவர். கணினியிலும் இத்தகைய அட்டை ஒன்று உண்டு. அதனைக் குறியீட்டு இணைப்பு என்பர்.

இதன் தேவை யாது? பல வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் அமைந்துள்ள 'சி' தட்டு விரைவானது, ஆயினும் சிறியது. இரண்டாவது தட்டாகிய 'டி' வேகம் குறைந்தது, ஆயினும் விசாலமானது. படங்கள், ஆவணங்கள் முதலிய கோப்புறைகளை அவற்றின் 'பண்புகள்' பகுதியிலேயே இடம் மாற்றிவிடலாம். ஆனால் ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள்கள் கைப்பேசியின் காப்புநகலைத் தாம் அறிந்த ஓரிடத்திலேயே தேடும். அங்கேதான் இணைப்பு உதவுகின்றது.

முறை எளிது. முதலில் மென்பொருளை மூடுங்கள். கோப்புறையை 'டி'க்கு நகலெடுத்து, கோப்புகளின் தொகை சரிதானா என்று பாருங்கள். பழையதை உடனே அழித்துவிடாது, பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். பின்னர் கட்டளைச் சாளரத்தில் எம், கே, எல், ஐ, என், கே என்னும் ஆறெழுத்துக் கட்டளையை எழுதி, சாய்கோடும் 'ஜே'யும் இட்டு, பழைய விலாசத்தை முதலிலும் புதிய விலாசத்தைப் பின்னும் எழுதுங்கள். நகலெடுக்கும் கட்டளையில் இருப்பது முதலில், உண்டாவது பின்னர், இங்கோ தலைகீழ். 'ஜே' என்னும் சந்தி விண்டோஸ் 2000 காலத்தது. 'டி' எழுத்தால் அமையும் குறியீட்டு இணைப்பு 2007 இல் விஸ்டாவுடன் பொதுமக்களை அடைந்தது. வீட்டுத் தேவைக்குச் சந்தியே போதும். எல்லாம் செவ்வனே இயங்கிய பின்னரே பழையதை நீக்குங்கள்.

விண்டோஸ் கோப்புறையையும் மென்பொருள்கள் நிறுவப்பட்ட கோப்புறையையும் மட்டும் இவ்வாறு பெயர்க்க வேண்டா. பிற்காலப் புதுப்பிப்புகள் இடறக்கூடும். கணினியே எழ மறுக்கவுங்கூடும்.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கையின் மகனுக்கு இவ்விணைப்பை நானே செய்து கொடுத்தேன். அதன் பொருளை விளக்கினேனில்லை. சில வாரங்களின் பின் அவன், ஒரே காப்புநகல் 'சி'யிலும் 'டி'யிலும் இருப்பதாகக் கண்டான். "இரண்டு எதற்கு?" என்றெண்ணி, பழைய வாயிலால் நுழைந்து உள்ளிருந்தவற்றை அழித்தான், குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினான். 'டி'யும் வெறுமையாயிற்று. கைப்பேசியோ அதற்கு முன்னரே பழுதாகியிருந்தது. சில படங்கள் உறவினரிடமிருந்து கிடைத்தன. அவனுடைய அம்மம்மாவின் குரல் பதிந்திருந்த காணொளி கிடைக்கவில்லை. அவர் என் தாயார்.

"மாமா, இரண்டு இருந்ததே?" என்று அவன் கேட்டபொழுது என்னால் அவனைக் கடிந்துகொள்ள இயலவில்லை. செய்முறையைக் கற்பித்து, அதன் கருத்தைக் கற்பியாது விட்ட ஆசிரியன் நான்.

மாணவச் செல்வங்களே, வாயில் இரண்டாயினும் வீடு ஒன்றே. இணைப்பு காப்புநகல் ஆகாது. அருமையானவற்றுக்கு மெய்யான பிரதியொன்றை வேறொரு தட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். இன்றே செய்யுங்கள்.