செடானா, எஸ்யூவியா? குடும்பத்துக்கு உண்மையில் இடம் தருவது எது?

வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்தாலோ, வயதான பெற்றோர் கூட வந்து தங்கினாலோ, பல மலேசியக் குடும்பங்களில் அடுத்து எழும் பேச்சு இதுதான்: "செடான் பத்தாது, பேசாம எஸ்யூவி எடுத்துடலாம்."

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: இடம். எஸ்யூவி உயரமாக இருக்கிறது, வெளியே பெரிதாகத் தெரிகிறது. அப்படியென்றால் உள்ளேயும் இடம் அதிகம்தானே என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதி சரி. மீதி பாதி, எந்தக் காரை எதோடு ஒப்பிடுகிறோம், பின்னால் உட்காரப் போவது யார் என்பதைப் பொறுத்தது.

உயரம் வேறு, நீளம் வேறு

டொயோட்டா கொரோல்லா ஆல்டிஸ் ஒரு செடான். கொரோல்லா கிராஸ் ஒரு எஸ்யூவி. இரண்டும் ஒரே வகை அடித்தளத்தில் உருவானவை என்பதால் ஒப்பிடுவது எளிது.

• உயரம்: ஆல்டிஸ் 1,435 மில்லிமீட்டர், கிராஸ் 1,620 மில்லிமீட்டர்
• நீளம்: ஆல்டிஸ் 4,630 மில்லிமீட்டர், கிராஸ் 4,460 மில்லிமீட்டர்
• வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம்: ஆல்டிஸ் 2,700 மில்லிமீட்டர், கிராஸ் 2,640 மில்லிமீட்டர்

எஸ்யூவி 18.5 சென்டிமீட்டர் உயரம் கூடுதல். ஆனால் நீளத்தில் 17 சென்டிமீட்டர் குறைவு, வீல்பேஸில் 6 சென்டிமீட்டர் குறைவு. பின் சீட்டில் கால் நீட்ட எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது வீல்பேஸ்தான்.

அப்புறம் ஏன் எஸ்யூவிக்குள் ஏறியதும் விசாலமாகத் தோன்றுகிறது? சீட் உயரமாக இருப்பதுதான் முக்கியக் காரணம். நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்காருகிறோம். கால் முன்னால் நீளாமல் கீழே மடங்குகிறது. அதனால் குறைந்த நீளத்திலேயே உட்கார முடிகிறது. ஜன்னலும் பெரிது, சாலையும் நன்றாகத் தெரிகிறது.

ஆனால், கூடுதல் உயரம் முழுவதும் தலைக்கு மேல் கிடைப்பதில்லை. ஒரு பகுதி தரைக்கும் காருக்கும் இடையிலான இடைவெளிக்கே போய்விடுகிறது.

பெஸ்ஸாவும் அத்திவாவும்

நம் ஊர்ச் சாலைகளில் அடிக்கடி பார்க்கும் இரண்டு பெரோடுவா கார்களை எடுத்துக்கொண்டால் கதை கொஞ்சம் மாறுகிறது.

பெஸ்ஸா செடானின் வீல்பேஸ் 2,455 மில்லிமீட்டர். அத்திவா எஸ்யூவிக்கு 2,525. இங்கே எஸ்யூவிக்குத்தான் 7 சென்டிமீட்டர் கூடுதல், அதுவும் வெளியே பெஸ்ஸாவைவிட அத்திவா நீளம் குறைவாக இருந்தும்.

பொருள் வைக்கும் பூட் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். பெஸ்ஸாவின் பூட் 508 லிட்டர். அத்திவாவுடையது 369 லிட்டர். 139 லிட்டர் வித்தியாசம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் லிட்டர் கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. செடானின் பூட் ஆழமானது, வாய் சிறியது. துணிப்பெட்டிகள் வரிசையாக உள்ளே போகும். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, உயரமான அட்டைப்பெட்டி என்றால் வாசலிலேயே முட்டும். எஸ்யூவியின் பின்கதவு அகலமாகத் திறக்கும். பின் சீட்டை மடக்கினால் பெரிய பொருளும் போகும். வீட்டில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் இருந்தால் இந்த ஒரு காரணமே எஸ்யூவிக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை: இடம் இருக்கிறதே என்று எஸ்யூவியில் கூரை வரை சாமான் அடுக்கக் கூடாது. திடீர் பிரேக் போட்டால் அவை பின் சீட்டில் இருப்பவர் தலைமேல்தான் வந்து விழும்.

முழங்காலுக்கு எது நல்லது?

மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பயணத்தைவிட ஏறி இறங்குவதுதான் சிரமம்.

செடானில் சீட் தாழ்வு. உட்கார முழங்காலை அதிகம் மடக்க வேண்டும், எழும்போது தொடையில் பலம் வேண்டும். கூரை பின்பக்கம் சரிந்து வருவதால் "அம்மா, தலையைப் பார்த்து!" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நடுத்தர எஸ்யூவியில் சீட் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கும். அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, உடம்பைத் திருப்பினால் போதும். ஆனால் மிக உயரமான எஸ்யூவியில் படி ஏறுவதுபோல ஏற வேண்டும். உயரம் குறைவான பாட்டிகளுக்கு அது செடானைவிடக் கஷ்டம்.

ஓடும்போது ஏற்படும் வித்தியாசமும் உண்டு. உயரமான வண்டி வளைவுகளில் அதிகம் சாய வாய்ப்பு உண்டு. அதைக் குறைக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் மேடு பள்ளம் உடம்பில் தெரியும். கேமரன் மலைப் பாதையில் பின் சீட்டில் உட்கார்ந்து குமட்டல் வருபவர்களுக்கு, தாழ்வான செடான் சௌகரியமாக இருக்கலாம்.

நடு சீட்டில் யார்?

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். இரண்டு பிள்ளைகள் என்றால் பின்னால் இரண்டு ஓரங்களிலும் இரண்டு இருக்கைகள். நடுவில் மிஞ்சும் இடத்தில் பாட்டி.

செடானோ எஸ்யூவியோ, பல கார்களில் நடு சீட் குறுகலானது, கொஞ்சம் மேடானது, முதுகுப்பகுதி கடினமானது. சில கார்களில் காலடியிலும் மேடு இருக்கும். இங்கே உயரம் உதவாது, அகலம்தான் உதவும்.

ஏழு பேர் சீட் உள்ள எஸ்யூவி தீர்வாகத் தெரியலாம். பெரோடுவா அரூஸ், புரோட்டான் எக்ஸ்90 ஆகியவற்றில் மூன்றாவது வரிசை உண்டு. ஆனால் மூன்றாவது வரிசைக்குள் குனிந்து நுழைய வேண்டும், முழங்கால் மேலே தூக்கியபடி இருக்கும். பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களுக்கு நீண்ட பயணத்தில் கஷ்டம். அந்த வரிசையை நிமிர்த்தினால் பூட்டும் சுருங்கிவிடும்.

வாங்குவதற்கு முன்

கார் பார்க்க பெரும்பாலும் வண்டி ஓட்டுபவர்தான் போகிறார். முன் சீட்டில் உட்கார்ந்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார். பின்னால் உட்காரப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதனால்:

• பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவர்களே ஏறி இறங்கட்டும்.
• உங்கள் குழந்தை இருக்கைகளைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பிறகு நடுவில் ஒரு பெரியவர் உட்காரட்டும்.
• முன் சீட்டை ஓட்டுபவருக்கு ஏற்றபடி வைத்த பிறகே பின்னால் கால் இடத்தைப் பாருங்கள்.
• பின் சீட் தொடையை முழுவதும் தாங்குகிறதா, ஏர்கோன் காற்று பின்னால் வருகிறதா என்று கவனியுங்கள்.
• தள்ளுவண்டி, சக்கர நாற்காலி இருந்தால் பூட்டில் வைத்துப் பாருங்கள்.

மலேசியாவில் கார் கடன் 9 ஆண்டு வரை நீளலாம். இன்று மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடன் முடியும்போது 12 வயது. 65 வயது அம்மாவுக்கு 74. பிள்ளைக்குக் குழந்தை இருக்கை தேவைப்படாமல் போயிருக்கும். அம்மாவின் முழங்காலோ இன்றைவிடச் சிரமப்படுத்தலாம். இன்றைய தேவையோடு அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கு எது சரி என்பது தெளிவாகும்.