குருவைத் தேடும் கதைகள்

மந்திர வித்தையைக் கற்க விரும்பிப் புறப்படும் ஓர் இளம்பிள்ளை தனக்குரிய குருவை எங்கே, எவ்வாறு கண்டடைகிறான் என்னும் வினா மாயக்கதைகளில் மூழ்கிக் கிடக்கும் சிறுவர்களுக்கே உரியது என்று பெரியோர் ஒதுக்கிவிடலாகாது. ஏனெனில், கல்வியைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் ஒரு சமூகம் தன் அந்தரங்கத்தில் கொண்டிருக்கும் நம்பிக்கை, அத்தகைய கதைகளில்தான் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது.

இன்று நம் பிள்ளைகள் பெரிதும் அறிந்திருப்பவை 1997-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஹாரி பாட்டர் கதைகள். அவற்றில், பிறவியிலேயே மந்திர சக்தி வாய்த்த பிள்ளைக்குப் பதினொரு வயதாகும்போது ஹாக்வார்ட்ஸ் என்னும் மாயப்பள்ளியின் அழைப்புக் கடிதம் வீடு தேடி வருகிறது. 1968-இல் உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ நாவலிலோ, மௌனத்தையும் பொறுமையையும் முதற்பாடமாகப் போதித்த ஓகியன் என்னும் குருவை விட்டுவிட்டு, வித்தையெல்லாம் விரைவில் கைவரவேண்டும் என்ற தாகத்தால் மாயப்பள்ளியை நாடிச் சென்ற கெட் என்னும் சிறுவன், அங்கே தன் கர்வத்தால் கொடிய நிழலொன்றைக் கட்டவிழ்த்துவிட்டு, பின்னர் அந்த ஓகியனிடமே வந்து அடைக்கலம் புகுகிறான். இரண்டும் நம் பிள்ளைகள் படிக்கத்தக்கவையே. ஆயினும், அழைப்பவர் எல்லோரும் குருவாகிவிடமாட்டார்கள் என்னும் எச்சரிக்கையை நம்முடைய கதைகளைப்போல் அழுத்திச் சொன்னவை வேறு உண்டா என்பது ஐயமே.

விக்கிரமாதித்தன் கதையை எண்ணிப் பாருங்கள். மாணிக்கம் பொதிந்த கனிகளைக் காணிக்கையாக அளித்து அரசனை வசப்படுத்தி, நள்ளிரவில் மயானத்துக்கு வரவழைக்கும் சந்நியாசியே அவனைப் பலியிடக் காத்திருப்பவன். அரசன் தோளில் ஏறிக்கொண்டு, கதைமேல் கதையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் தர்மசங்கடமான ஒரு கேள்வியை எழுப்பி, அவன் விவேகத்தைத் தீட்டி, கடைசியில் உயிர்தப்பும் உபாயத்தையும் உபதேசிக்கும் வேதாளமே உண்மையான ஆசான். 1951-இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்து பாமரரையும் பண்டிதரையும் ஒருங்கே கவர்ந்த ‘பாதாள பைரவி’ படத்திலும், தோட்டக்காரரின் மகனை வலிய அழைத்துச் செல்லும் நேபாள மந்திரவாதி, பைரவிக்கு அவனையே பலியாக்கக் கருதியவன்தான். காவி உடையையும் கமண்டலத்தையும் கண்டு மயங்காதே, உன்னிடம் அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று பார் என்பதே இக்கதைகள் இளம் உள்ளத்தில் ஊன்றும் பாடம்.

மெய்யான சிஷ்யனின் லட்சணத்துக்கோ மகாபாரதத்துக் கசன் ஒருவனே போதும். தேவர்களின் பகைவர்களான அசுரர்களின் குருவாகிய சுக்கிராசாரியாரிடமே சென்று, தான் யார் மகன் என்பதை மறைக்காமல் சொல்லி, அவருடைய மாடுகளை மேய்த்துப் பணிவிடை செய்து, அசுரர்களால் மும்முறை கொல்லப்பட்டும் கற்கும் விருப்பம் குன்றாதிருந்தவன் அவன். மூன்றாம் முறை அவன் சாம்பலை மதுவில் கலந்து அசுரர்கள் குருவுக்கே கொடுத்துவிட, தம் வயிற்றினுள் இருந்த சிஷ்யனுக்கு, இறந்தவரை எழுப்பும் மிருத சஞ்சீவினி மந்திரத்தைக் கற்பித்தாலன்றி இருவரும் பிழைக்க வழியில்லை என்ற நிலை குருவுக்கு நேர்ந்தது. மந்திரத்தைப் பெற்றுக்கொண்டு அவர் வயிற்றைப் பிளந்து வெளிவந்த கசன், முதற்காரியமாக அந்த மந்திரத்தாலேயே குருவை உயிர்ப்பித்தான். குரு பிழைப்பது சிஷ்யன் கற்றுக்கொண்ட வித்தையால்தான் என்னும் இந்தக் கருத்துக்கு இணையான ஒன்று உலக இலக்கியத்தில் அரிது.

இந்த உண்மைக்கு நம் கண்ணெதிரே விளங்கும் சாட்சி, கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டின் நடுவிலுள்ள இடைசெவல் கிராமம். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலேயே பிறந்த கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் எழுத்தாளர்கள் இருவரையும் தமிழுக்கு அளித்த அவ்வூரில், அவர்களுக்கு வாய்த்த கலாசாலை எது? பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கி.ரா., பருத்தியும் கம்பும் விளையும் மானாவாரிக் காடுகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும், எழுத்தறியாத சம்சாரிகளையும் பாட்டிமாரையும் குருவாகக் கொண்டு சொல்லின் மந்திரத்தைக் கற்றார். அங்கே சிஷ்யனுக்கு இடப்படும் முதற்கட்டளை, கதை சொல்பவருக்கு இடையறாமல் ‘உம்’ கொட்டவேண்டும் என்பதே. கேட்கிற சிரத்தை தளர்ந்தால் கதையும் நின்றுவிடும். அவ்வாறு கேட்டும் தேடியும் அவர் சேர்த்த செல்வமே கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியாகவும் நாட்டுப்புறக் கதைக் களஞ்சியமாகவும் நம் கைக்கு வந்திருக்கிறது. பட்டம் ஏதும் பெறாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அறுபது வயதுக்குப் பின் பேராசிரியராக அழைத்து அமர்த்தியபோது, அவருக்குக் கதை சொன்ன அந்தச் சம்சாரிகளும் பாட்டிமாரும் பெருமை பெற்றார்கள். கசன் தன் குருவை உயிர்ப்பித்ததற்கு நிகரான காரியம் இது.

2021-இல் கி.ரா. மறைந்தார். அவர் காலத்தில் கதை சொன்னவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, கரிசல் சீமைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் ஒதுக்கி, ஊரிலுள்ள முதியவர் ஒருவரை அழைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் செய்யவேண்டும். தமிழில் மாயக்கதை எழுத முன்வரும் இளைஞர்கள், குருவுக்காகத் தூரதேசத்துக் கோட்டைகளைக் கற்பனை செய்யுமுன், ஆட்டுக்கிடை காக்கும் கீதாரியையும் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருக்கும் கிழவியையும் ஒருமுறை நோக்கவேண்டும். பெற்றோரே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் பிள்ளையை உட்காரவைத்து ‘உம்’ கொட்டப் பழக்குங்கள். வித்தைக்கு அதுவே ஆரம்பம்.