அந்தக் காலத்தில் நோயே இல்லையாம்!

காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர் (எந்த வட்டம் என்று சொல்லமாட்டேன், அவரும் இதைப் படிக்கிறவர்) நேற்று வாட்ஸப்பில் வந்ததைச் சத்தமாக வாசித்தார். நம் பாட்டன் பூட்டன் ஊசி போட்டானா, குளோரின் தண்ணீர் குடித்தானா, நூறு வயது இருந்தானே என்று. அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் வந்திருப்பேன். பேரனுக்குத் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாராம்.

சார், நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அதனாலேயே ஆபீசில் பழைய 'எத்தா சிவில்' பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இறப்புப் பதிவில் காரணம் எழுதமாட்டார்கள், வயது இருக்கும். மூன்று நாள். எட்டு மாதம். இரண்டு வயது. மறுபடி மூன்று நாள். ஒரே தகப்பன் பெயர் ஒரே மாதத்தில் இரண்டு முறை வரும். அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.

உங்கள் பூட்டன் நூறு வயது இருந்திருக்கலாம். அவர் கூடப் பிறந்ததில் எத்தனை தங்கிற்று என்று யாரையாவது கேட்டீர்களா? என் பாட்டிக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது நாலு.

பஞ்ச காலத்து 1877இல் மட்டும் சென்னை மாகாணத்தில் வாந்திபேதிக்குப் போனவர்கள் மூன்றரை லட்சத்துக்கு மேல். கணக்கில் ஏறியவர்கள் மட்டும் இவ்வளவு. எல்லாம் குளோரின் படாத இயற்கைத் தண்ணீர் குடித்தவர்கள்தான்! லண்டன் சோஹோவில் 1854லேயே ஜான் ஸ்நோ ஓர் அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றவைத்து, நோய் தண்ணீரில் வருகிறது என்று காட்டியிருந்தார். இங்கே இந்திய அரசின் சுகாதார ஆணையர் கனிங்ஹாம் அதை ஏற்கவே இல்லை. சென்னைக்குப் புழல் ஏரித் தண்ணீர் 1872இல் வந்தது, திறந்த வாய்க்காலில். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டி வந்தது 1914இல். நடுவில் 42 வருடம். (வெள்ளைக்காரன் இருந்தால் எல்லாம் நன்றாக இருந்திருக்கும் என்பவர்களுக்கும் இது சேர்த்துத்தான்.)

காலராக் கிருமியைத் தேடி பாஸ்தர் அலெக்ஸாந்திரியாவுக்கு அனுப்பிய துயிலியே, 1883இல் அதே நோயில் செத்தார். வயது 27.

ஊசி போட்டால் காய்ச்சல் வருமே என்கிறீர்கள். வரும், ஒன்றிரண்டு நாள். தட்டம்மை வந்தால் நிமோனியா வரை போகும். ஊசி போடாத பத்துப் பிள்ளைகள் அருகில் இருந்தால் ஒன்பதுக்கு ஒட்டும்.

வருகிற புதன்கிழமை ஊசி போடும் நாள். அன்று நடைக்கு நான் தனியாகப் போய்க்கொள்கிறேன். நீங்கள் பேரனைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.