சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு கறுப்பு வயர்

தாம்பரத்துக்கு அருகே ஒரு வீட்டில், குளியலறைக்கு வெளியே இருந்த கண்ணாடி டச் பேனலில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. மெரூன் நிறம், சட்டைப் பொத்தானில் பாதி அளவு. அந்த வீட்டின் மின்னமைப்பை வரைந்து கொடுத்தவன் நான். வழவழப்பான கண்ணாடி, ஆறு தொடுபுள்ளிகள், கைப்பேசியிலிருந்தும் இயக்கலாம் என்ற வசதி எல்லாவற்றையும் பரிந்துரைத்ததும் நான்தான். இரவில் எழுந்து வரும் எழுபத்தெட்டு வயது அம்மாவுக்குக் கை தடவிக் கண்டுபிடிக்க அந்தக் கண்ணாடியில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தன் பொட்டையே எடுத்து அடையாளம் வைத்துக்கொண்டார். “ஈரக் கையோட தொட்டா கேக்க மாட்டேங்குது தம்பி” என்றார், தன் கையில்தான் கோளாறோ என்ற தயக்கத்துடன். பிழை என்னுடையது. ஸ்மார்ட் சுவிட்ச் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று யார் கேட்டாலும், அந்தப் பொட்டிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறேன்.

பெரும்பாலோர் கேட்பது, எந்த கம்பெனி நல்லது என்று. அதற்கு முன் கேட்க வேண்டியது, இது எத்தனை ஆண்டுக்கான முடிவு என்பது. சுவருக்குள் புதைத்த பைப்பும் வயரும் முப்பது ஆண்டு இருக்கும். நல்ல சாதாரண சுவிட்ச் பதினைந்து ஆண்டு தாராளமாக உழைக்கும். மின்னணுப் பலகைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதை இயக்கும் செயலியும் தொலைதூர சர்வரும் அந்த கம்பெனி நினைக்கும்வரைதான். 2016 மே மாதம் ‘ரிவால்வ்’ என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சேவை நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கிய கருவி பயனற்றுப்போனது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘இன்ஸ்டியான்’ சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் அணைந்தன; வாடிக்கையாளர்கள் சிலர் சேர்ந்து அந்த நிறுவனத்தையே வாங்கி உயிர்ப்பித்தார்கள். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இன்ஸ்டியான் சுவிட்சைச் சுவரில் கையால் அழுத்தியபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முப்பது ஆண்டுப் பொருளையும் ஐந்தாண்டுப் பொருளையும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைக்கும் எந்த வடிவமைப்பையும் நான் இப்போது ஏற்பதில்லை.

இனி பெட்டிக்குள் வருவோம். சாதாரண சுவிட்சுக்கு பேஸ் வயர் மட்டும் போதும். அதை இணைக்கும், துண்டிக்கும், அவ்வளவே அதன் வேலை. ஸ்மார்ட் சுவிட்சுக்கோ விளக்கு அணைந்திருக்கும்போதும் தான் விழித்திருக்க மின்சாரம் வேண்டும். அதற்கு நியூட்ரல், அதாவது கறுப்பு வயர், அந்தப் பெட்டிக்கே வந்தாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, சில விதிவிலக்குகளோடு, 2011 பதிப்பிலிருந்து சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரலைக் கேட்கிறது. நம் ஊரில் இந்த விஷயத்தில் ஒரு நல்வாய்ப்பு. சுவிட்சுகளோடு ஒரு பிளக் பாயிண்டையும் அதே போர்டில் வைப்பது நம் வழக்கம். அதனால் பெரும்பாலான அறைகளில் நியூட்ரல் தற்செயலாகவே வந்திருக்கிறது. வராத இடங்கள்: ஒரே விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் இயக்கும் மாடிப்படி டூவே சுவிட்ச், கட்டில் அருகே உள்ள ஒற்றை சுவிட்ச், வாசல் காலிங் பெல். பலகையைக் கழற்றிப் பார்க்காமல் கருவியை வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்சுகளும் உண்டு. அவை விளக்கின் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தை எப்போதும் ஓடவிட்டுத் தாங்கள் உயிர்வாழ்கின்றன. அந்தக் காலக் குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. எல்இடி அப்படியல்ல, அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும், அல்லது சில நொடிக்கொருமுறை கண் சிமிட்டும். விளக்கருகே ஒரு சிறிய கப்பாசிட்டர் துணைக்கருவியைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுவரை உடைக்க முடியாத வீட்டில் அது நியாயமான வழிதான். ஒரு வழியை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்க முடியாது: நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த் வயரில் இணைத்துவிடுவது. விளக்கு எரியும், செயலியும் வேலை செய்யும், வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. எங்கோ எர்த் இணைப்பு அறுந்தால், அதோடு சேர்ந்த பிரிட்ஜ், வாஷிங் மெஷினின் உலோக உடலில் மின்சாரம் வந்து நிற்கலாம். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்ட வீட்டில் அது அடிக்கடி ட்ரிப் ஆகும். அப்போது ட்ரிப் ஆகாமல் இருக்க ஆர்சிசிபியையே எடுத்துவிடச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாடுவது அது.

சுவரில் சாதாரண மாட்யூலர் சுவிட்ச், அதன் பின்னால் பெட்டிக்குள், கைப்பேசிக் கட்டளைக்கு விளக்கை இணைத்துத் துண்டிக்கும் ஒரு சிறிய ரிலே மாட்யூல்: என் தேர்வு இப்போது இதுதான். மாட்யூல் பழுதானால் வயர்மேன் பத்து நிமிடத்தில் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுப்பார். வீடு பழையபடி இயங்கும். இதிலும் சங்கடங்கள் உண்டு. பழைய பெட்டிகளில் ஆழம் போதாது. இரும்புப் பெட்டியானால் ரேடியோ அலை வலுவிழக்கும். பத்து எல்இடி விளக்குகளை ஒரே ரிலேயில் போட்டால், மொத்தம் நூறு வாட்கூட வராது என்றாலும், போடும் அந்தக் கணத்தில் அவற்றின் டிரைவர் சுற்றுகள் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். பிஎல்டிசி மின்விசிறியை எக்காரணத்துக்காகவும் டிம்மர் வழியாக இயக்கக் கூடாது. அதன் வேகத்தை அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்றே பார்த்துக்கொள்கிறது.

கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி அடுத்தது. வைஃபை கருவிகள் மலிவு. ஆனால் இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் முப்பது நாற்பது சுவிட்சுகள் ஏறினால் அது திணறும். ஜிக்பீ என்ற ரேடியோ முறையில், நியூட்ரல் இணைத்த சுவிட்சுகள் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்துவதால் கான்கிரீட் சுவர்களுக்கு அது தோதானது, ஆனால் ஒரு மையக் கருவி வேண்டும். இசட்-வேவ் என்ற இன்னொரு ரேடியோ முறை இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்காவில் 908-லும் இயங்குகிறது. அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கிவந்த சுவிட்ச் இங்குள்ள கருவியோடு பேசாது. 2022 அக்டோபரில் வந்த ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம் கம்பெனிகளுக்கு இடையிலான சுவரை மெல்ல உடைக்கிறது. வீட்டுக்குள்ளேயே கட்டளை போய் வர வேண்டும் என்பது அதன் அடிப்படை என்பதால் அதை வரவேற்கிறேன். எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். பிராட்பேண்ட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஹால் விளக்கைச் சுவரிலும் கைப்பேசியிலும் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, நம் ஊருக்கே உரியது: கரண்ட் போய் வந்தால் சுவிட்ச் எந்த நிலையில் திரும்புகிறது? அந்த அமைப்பைச் சரிபார்க்காத வீட்டில் நள்ளிரவு மூன்று மணிக்குப் படுக்கையறை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும்.

மின்சாரம் மிச்சமாகும் என்ற விளம்பரத்தை நான் கணக்குப் போட்டுத்தான் பார்ப்பேன். ஒரு மாட்யூல் சும்மா இருக்கும்போது ஒரு வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது மாட்யூல்கள் நாளொன்றுக்கு 480 வாட்-மணி, இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 29 யூனிட். ஒன்பது வாட் பல்பை ஐந்து மணி நேரம் மறந்து எரியவிட்டால் செலவாவது 45 வாட்-மணி. தினமும் பத்துக்கும் மேற்பட்ட பல்புகளை அப்படி மறப்பவருக்குத்தான் இந்தச் சேமிப்பு பொருந்தும். அரை வாட்டுக்குக் கீழ் எடுக்கும் கருவிகளைத் தேடி எடுத்தால் இந்தச் செலவு பாதிக்கும் கீழாகக் குறையும்.

அப்படியானால் எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒருவர், யாரையும் கூப்பிடாமல் தன் அறை விளக்கைத் தானே குரலால் அணைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இதை ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர் போர்டைத் தொடாமல் ஸ்மார்ட் பல்பு போட்டுக்கொள்வதும் சரிதான், யாரும் சுவரில் அணைத்துவிடாத வரை.

புது வீடுகளில் இப்போது பூச்சு வேலைக்கு முன் சைட்டுக்குப் போய் நிற்கிறேன். எந்த ஸ்மார்ட் கருவியும் வாங்காதவர் வீட்டிலும், டூவே பெட்டி உட்பட எல்லாப் பெட்டிக்கும் ஒரு கறுப்பு வயரை இழுக்கச் சொல்கிறேன். மொத்தச் செலவில் அது ஓரிரு காயில் வயர். தாம்பரம் வீட்டில் அந்தக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, சாதாரண சுவிட்சும் பின்னால் மாட்யூலும் வைத்தோம். அந்தக் கூலியை நான் வாங்கவில்லை. மாடிப்படிக்குப் போகும் பைப்பில் இன்னொரு வயர் நுழைய இடமில்லை. அதனால் மாடிப்படி விளக்கு மட்டும் பழைய டூவே சுவிட்சிலேயே எரிகிறது. குளியலறைக்கு வெளியே இருட்டில் தெரிகிற மாதிரி ஒரு சின்ன சிவப்பு இண்டிகேட்டர் வேண்டும் என்று அம்மா கேட்டார். அந்தப் பெட்டியில் நியூட்ரல் இருந்தது. அன்றைக்கே போட்டுக் கொடுத்தோம்.

- கட்டுரையாளர், கட்டட மின்னமைப்புப் பொறியாளர்.