கவர் 10 லட்சம்... ஆனா அந்த வரியைப் படிச்சீங்களா?

10 லட்சம் கவர் இருக்கு, கவலையில்லைன்னு நினைக்கிறீங்களா? ஒரு உதாரணம் பாருங்க. பெரிய புற்றுநோய்க் கட்டிகளுக்கு கிரிட் தெரபின்னு ஒரு கதிர்வீச்சு முறை இருக்கு. கட்டி முழுக்க ஒரே அளவா இல்லாம, சல்லடை வழியா விழுற வெயில் மாதிரி, அங்கங்கே மட்டும் அதிக டோஸ். தோலைக் காப்பாத்த 1909-ல் ஜெர்மனியில் ஆல்பன் கோலர் தொடங்கிய யோசனை.

ஐஆர்டிஏஐ 2019-ல் பட்டியலிட்ட 12 நவீன சிகிச்சைகளில் ஸ்டீரியோடாக்டிக் ரேடியோசர்ஜரி இருக்கு. கிரிட் பெயர் இல்லை. பட்டியலில் உள்ளதுக்கே கம்பெனி சப்-லிமிட் வைக்கலாம். இல்லாததை 'நிரூபிக்கப்படாத சிகிச்சை'ன்னு சொல்லி க்ளெய்மை மறுக்கவும் வழி இருக்கு.

என் கருத்து: பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறதைவிட, சப்-லிமிட் இல்லாத பாலிசிதான் லாபம். இன்னைக்கே பாலிசி வேர்டிங்ஸைத் திறந்து 'மாடர்ன் ட்ரீட்மென்ட்' பகுதியைப் படிங்க. டாக்டர் புது முறை சொன்னா, கம்பெனியோட முன் அனுமதியை எழுத்தில் வாங்கிட்டு ஆரம்பிங்க.