ஓட்டோவில் ஒட்டிய முகம்

கரடிப்போக்குச் சந்தியில் ஏறின ஓட்டோவின் பின்கண்ணாடியில் பொப் மார்லி சிரித்துக்கொண்டிருந்தார். சடைமுடி, சுற்றிவர பச்சை, மஞ்சள், சிவப்பு. "அவற்ற எந்தப் பாட்டுத் தம்பி பிடிக்கும்?" என்று கேட்டேன். "பாட்டொண்டும் கேட்டதில்லை அண்ணை. ஸ்டிக்கர் வடிவா இருந்தது, ஒட்டினன்."

அவனில் பிழையில்லை. உலகம் முழுக்க அந்த முகம் விலைப்பட்டதே அப்படித்தான். மார்லி 1981 மே 11ஆம் திகதி இறந்தார். 1984இல் அவருடைய பாட்டுகளில் பதினான்கைப் பொறுக்கி, 'லெஜெண்ட்' என்று ஒரு தொகுப்பை இசைத்தட்டுக் கம்பனி வெளியிட்டது. இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றது. 1979இல் வந்த 'சர்வைவல்' அல்பத்திலிருந்து ஒரு பாட்டுக்கூட அதில் இல்லை. சனத்துக்குக் கசக்காததைத்தான் பெரும்பாலும் எடுத்திருந்தார்கள்.

'சர்வைவல்' எனக்குக் கிடைத்தது 1997இல், மல்லாவியில். கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து கொட்டிலில் இருந்த காலம். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவை டயரோடு சாய்த்து, பெடலைக் கையால் சுற்றித்தான் கசற் கேட்போம். மச்சான் எங்கேயோ பிரதியெடுத்துக் கொண்டுவந்த கசற் அது. சுற்றுகிற வேலை என்னுடையது. கை சோர்ந்தால் பாடுகிறவரின் குரல் தடித்து இழுபடும். ஆனால் இதில், எவ்வளவு விசையாய்ச் சுற்றினாலும் முதல் அடி விழ வேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. "ஒழுங்காச் சுத்தடா" என்று ஏச்சு விழுந்தது. பிழை என் கையில் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. றெகேயின் 'வன் டிரொப்' தாளம் முதல் அடியை விட்டுவிட்டு மூன்றாவதில் பாரத்தை இறக்கும். அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டு அந்த அல்பத்தில் இருக்கிறது.

வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பில்லை. 1977இன் 'எக்ஸடஸ்' பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 56 வாரம் நின்றது. 'சர்வைவல்' அங்கே 20ஆம் இடத்தோடும் அமெரிக்காவில் 70ஆம் இடத்தோடும் திரும்பிவிட்டது. அட்டை நிறைய ஆபிரிக்க நாடுகளின் கொடிகள். தலைப்புக்குப் பின்னால், அடிமைக் கப்பலில் மனிதரை விறகுபோல அடுக்கிய வரைபடம். வேண்டியவர்கள் அதை இரு கையும் நீட்டி வாங்கினார்கள். 1980 ஏப்ரலில் சிம்பாப்வேயின் சுதந்திர விழாவுக்கு மார்லி போய்ப் பாடினார். றுபாரோ மைதானத்துக்கு வெளியே நின்ற சனம் உள்ளே வர முண்டியடிக்க, பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. விடுதலையான இரவிலேயே புகை.

அந்த அல்பத்தில் அந்த நாட்டின் பெயரிலேயே அமைந்த பாட்டை மல்லாவிக் கொட்டிலில் வெற்றிப்பாட்டாகத்தான் கேட்டோம். பாதியைத்தான் கேட்டிருக்கிறோம். உள்ளுக்குள் அதிகாரச் சண்டை வேண்டாம் என்று அதே பாட்டில் மார்லி புத்தி சொல்கிறார். மூன்று வருடம் முடியவில்லை, 1983இல் பிரதமர் முகாபேயின் ஐந்தாம் படையணி மற்றபெலேலாந்தில் சொந்த நாட்டுச் சனத்தை ஆயிரக்கணக்கில் கொன்றது. 1986இல் சகோதர இயக்கத்தவரைத் தெருவில் வைத்துச் சுட்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கம்பனி செய்ததைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்களும் எங்கள் கதைக்கு ஒரு 'லெஜெண்ட்' தொகுத்துத்தான் வைத்திருக்கிறோம். மேடையில் வீரம் ஒலிக்கும், இழப்பு ஒலிக்கும். எங்களை நாங்களே கண்டித்த குரல் மட்டும் ஒலிக்காது. கேட்டால், இப்ப ஏன் அதை என்பார்கள். அடுத்தவன் செய்த கொலையைச் சொல்ல எங்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது. எங்களுடையதை மறைத்துக்கொண்டு சொன்னால் அந்தச் சொல்லின் பாரம்தான் குறையும்.

இறங்கும்போது தம்பியின் போனில் அந்த அல்பத்தை எடுத்துக் கொடுத்தேன். பத்துப் பாட்டு, நாற்பது நிமிடம் வராது. பரந்தனில் போட்டுவிட்டால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு தாண்டி, புதுக்குடியிருப்பை எட்ட முன்னம் முடிந்துவிடும். 2009இல் சனம் அடுக்கினதுபோல நெருங்கி நகர்ந்த றோட்டு அது. அவன் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பான். ஸ்டிக்கர் இருக்கட்டும். அந்த றோட்டில் ஒருதரம் முழுதாய்க் கேட்கட்டும், புத்தி சொல்கிற அந்த இடத்தையும் சேர்த்து.